பைபாஸ் பண்ணின கால் பொம்முன்னு வீங்கி நிக்குது, அப்பா காலைத் தூக்கி வைக்கவே மாட்டேங்கிறாரு

நொய்யல்கரை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. அப்பாவுக்கு வயசு 63. சுகர் பதினஞ்சு வருசமா இருக்குது, பீடி அதுக்கும் முன்னாடி இருந்தே. சாயப்பட்டறை வேலைங்க, நாள் பூரா நின்னுட்டேதான். போன வருசம் கடைசியில இருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே இடது கெண்டைக்கால் கவ்விப் புடிக்குதுன்னு நின்னு நின்னுதான் வருவாரு, நாங்களும் வயசாச்சு நரம்பு வீக்குன்னு நெனச்சு தைலம் தேச்சுட்டே இருந்துட்டோம். அப்புறம் ராத்திரி படுத்தா பாதம் எரியுதுன்னு எந்திரிச்சு கட்டில்ல காலைத் தொங்கப் போட்டு உக்காந்துக்குவாரு, விடிய விடிய அப்படியேதான். சுண்டு விரல் நுனி கருத்துப் போனதும்தான் பயந்து கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனோம். தொடையில இருந்து முட்டி வரைக்கும் ரத்தக்குழாய் மொத்தமா அடைச்சிருக்கு, பலூன் போட முடியாது, பைபாஸ்தான்னு சொல்லி அதே கால்ல இருந்து ரத்த நரம்பை எடுத்து வச்சுத் தெச்சிருக்காங்க. கவட்டையில இருந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் பின்னு அடிச்ச தையல்.

இன்னிக்கு 19ஆவது நாள். ராத்திரி எரிச்சல் சுத்தமா போயிருச்சு, பாதம் தொட்டா சூடா இருக்குது, அதெல்லாம் சந்தோசம். ஆனா கால் இருக்கே, ஆபரேஷனுக்கு முன்னாடி குச்சியாட்டம் இருந்தது இப்ப பொம்முன்னு வீங்கி மினுமினுங்குது. முன் எலும்பு மேல கட்டை விரலை வச்சு அமுக்குனா குழி விழுந்து நான் பத்து எண்ணுற வரைக்கும் அப்படியே நிக்குதுங்க. செருப்பு நுழையல. காலையில கொஞ்சம் வத்துன மாதிரி இருக்கும், சாயங்காலம் பழையபடி ஆயிரும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு டூட்டி டாக்டர் "வீக்கம் இருக்கும், போகப் போக சரியாயிரும்"னு ஒரு வரி சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாரு. டிஸ்சார்ஜ் சம்மரியில லிம்ப் எலிவேஷன், அதாவது காலைத் தூக்கி வைக்கணும்னு எழுதியிருக்குது, அவ்வளவுதான்.

இப்ப வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தங்கச்சி ஆன்லைன்ல தொடை வரைக்கும் போடுற டைட் ஸ்டாக்கிங்ஸ் வாங்கி அனுப்பிருக்கா. அம்மா பார்லி கஞ்சி காச்சுறாங்க. பக்கத்து வீட்டு அத்தை சுடுதண்ணில உப்பு போட்டு காலை ஊற வைங்கறாங்க. அப்பாவோ காலைத் தூக்கி தலகாணி மேல வச்சா பத்து நிமிசத்துல எடுத்துடறாரு, "மேல தூக்குனா ரத்தம் எப்படிறா போகும், மறுபடியும் எரிச்சல் வந்துரும்"னு அலும்பு. பிளாஸ்டிக் சேர்ல காலைத் தொங்கப் போட்டு டிவி முன்னாடி உக்காந்தா மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கிறது இல்ல. ஆபரேஷன் ஃபெயில் ஆயிருச்சான்னு பயமா இருக்குதுங்க. யாருக்காவது அனுபவம் இருந்தா சொல்லுங்க. அடுத்த ரிவ்யூக்கு இன்னும் 11 நாள் இருக்குது.

வைகைமணி:

தம்பி பயப்படாதீங்க. எங்க மாமனாருக்கு இதே ஆபரேஷன் மூணு வருசம் முன்னாடி நடந்துச்சு, வீக்கம் முழுசா வத்த ரெண்டரை மாசம் ஆச்சு. நாங்களும் மொத மாசம் பூரா இப்படித்தான் புலம்பிக்கிட்டு கிடந்தோம். கட்டிலோட கால்மாட்டுப் பக்கம் ரெண்டு காலுக்கும் செங்கல் வச்சு உசத்திட்டோம், அது தலகாணியை விட நல்லா வேலை செஞ்சுச்சு, ஏன்னா தலகாணிய ராத்திரி தள்ளி விட்டுருவாரு, செங்கலைத் தள்ள முடியாதுல்ல. நெஞ்சுல பிரச்சனை இருக்கவங்கன்னா மட்டும் கேட்டுட்டு வைங்க, மூச்சு முட்டும்.

மூலிகைமைந்தன்:

வீக்கத்துக்கு எல்லாம் ஆஸ்பத்திரி ஓட வேண்டாம் சகோ. கல்லுப்பை நல்லா வறுத்து துணியில முடிஞ்சு ஒத்தடம் குடுங்க, ராத்திரி நல்லெண்ணெய் சூடு பண்ணி கீழ இருந்து மேல அழுத்தி உருவி விடுங்க, மூணு நாள்ல நீர் இறங்கிடும். எங்க பாட்டி காலத்துல இதுதான்.

பழைய_வார்டு_சிஸ்டர்:

மூலிகைமைந்தன் தம்பி, கோச்சுக்காதீங்க, இந்தக் காலுக்கு நீங்க சொன்னது ரெண்டுமே ஆகாது. சுகர் உள்ளவருக்குப் பாதத்துல உணர்ச்சி மந்தமா இருக்கும், சூடு தெரியாம வெந்துடும், நான் ஒத்தடத்துல கொப்புளம் போட்டு வந்த பாதங்களைக் கட்டுப் போட்டு கட்டுப் போட்டே பாதி சர்வீஸ் ஓட்டினவ. சுடுதண்ணி, ஹாட் வாட்டர் பேக், உப்புத்தண்ணில ஊற வைக்கிறது எதுவும் வேண்டாம். உருவி விடுறதும் வேண்டாம், உள்ள புதுக்குழாய் இருக்கு, தையல் பச்சையா இருக்கு, ஒருவேளை ரத்தக்கட்டி இருந்தா உருவுறது ஆபத்து.

உங்க பேர் தெரியல, நொய்யல்கரை தம்பின்னே சொல்றேன். நான் ரத்தநாள அறுவை சிகிச்சை வார்டுல ரொம்ப வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவ. டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சு படிங்க.

மொதல்ல, கால் பைபாஸ் பண்ணினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த வீக்கம் வரும். பலூன் வச்சு அடைப்பு எடுத்தவங்களுக்கு இவ்வளவு வராது, பைபாஸ்லதான் இது அதிகம். ஃபெயில் ஆனா கால் பொதுவா சில்லுனு வெளுத்து வலிக்கும். நீங்க சூடா இருக்குங்கறீங்க, எரிச்சல் போயிடுச்சுங்கறீங்க, அது நல்ல சேதி.

ஏன் வீங்குதுன்னா, உங்க ஊர்ல வாய்க்கால் பாத்திருப்பீங்கல்ல, மாசக்கணக்கா தண்ணி வராம வறண்டு கிடந்ததுல ஒரே நாள்ல மடையைத் திறந்து விட்டா கரை கசியும், அந்த மாதிரிதான். பாதத்துல இருக்க சின்னச் சின்ன ரத்தக்குழாய் எல்லாம் வர்ற சொட்டு ரத்தத்தையும் விடக்கூடாதுன்னு மாசக்கணக்கா வாயை அகலத் திறந்தே வச்சிருந்துச்சு. இப்ப முழு பிரஷர்ல ரத்தம் வந்ததும் அதுக்கு உடனே சுருங்கத் தெரியல, நீர் வெளிய கசிஞ்சு சதையில தேங்குது. இது ஒண்ணு. இன்னொண்ணு, கால்ல புண்ணு வந்தா கவட்டையில நெறி கட்டும்ல, அந்த நெறிக்குப் போற நிணநீர்ப் பாதைங்க எல்லாம் தொடையோட உள்பக்கமாத்தான் ஏறுது. கத்தி வச்சதும் அதே வழியிலதான். தேங்குற நீரை மேல ஏத்துற பாதையே கொஞ்சம் அறுபட்டுப் போச்சு. அது திரும்ப வழி பண்ணிக்க வாரக்கணக்கு ஆகும். அதனாலதான் ரெண்டு மூணு மாசம்னு சொல்றது, சிலருக்கு அதுக்கு மேலயும் லேசா நிக்கும்.

இப்ப அப்பாவோட பிடிவாதத்துக்கு வர்றேன். அவர் சொல்றது ஆபரேஷனுக்கு முன்னாடி சரி. அடைப்பு இருந்தப்ப காலைத் தொங்கப் போட்டாதான் ரத்தம் கீழ இறங்கும், எரிச்சல் குறையும், அதான் விடிய விடிய உக்காந்திருந்தாரு. உடம்பு அதை மறக்கல. ஆனா இப்ப மேல இருந்து வர்றதுக்குத் தனிக்குழாயே போட்டாச்சு, வர்றதுல பிரச்சனை இல்ல, திரும்பிப் போறதுலதான் பிரச்சனை. அப்ப மருந்தா இருந்த பழக்கமே இப்ப வீக்கத்தைக் கூட்டுது. வார்டுல பத்துப் பேர்ல எட்டுப் பேர் இப்படித்தான் திருட்டுத்தனமா காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருப்பாங்க, நாங்க ரவுண்ட்ஸ் வரும்போது சட்டுனு தூக்கி வச்சுப்பாங்க.

தூக்கி வைக்கிறதுன்னா படுத்துக்கிட்டு, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேல வரணும். சேர்ல உக்காந்து முக்காலி மேல வைக்கிறது தொங்குறதுக்குப் பரவாயில்ல, ஆனா போதாது. முட்டிக்கு அடியில மட்டும் தலகாணி சொருகாதீங்க, முட்டி மடங்கியே கிடக்கக் கூடாது, குழாய் அந்த வழியாத்தான் போகுது. கெண்டைக்கால் நீளத்துக்கும் தாங்குற மாதிரி வச்சு குதிகால் மட்டும் அந்தரத்துல நிக்கணும், இல்லேன்னா சுகர்க்காரருக்கு குதிகால்ல அழுத்தப் புண் வரும், அது ஆறுறதுக்குள்ள நமக்கு ஆயுசு போயிடும். ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை அரை மணி முக்கா மணி நேரம். தூக்கி வச்சிருக்கும்போது பாதம் வெளுத்துப் போய் வலி வந்துச்சுன்னா உடனே இறக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க, அப்ப ரத்த ஓட்டம் போதலைன்னு அர்த்தம்.

நடுவுல நடக்கணும். வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். கெண்டைக்கால் சதை பம்பு மாதிரி நீரை மேல தள்ளும். சேர்ல மணிக்கணக்கா உக்காருறதும், ஒரே இடத்துல நிக்கிறதும்தான் மோசம், நடக்கிறது இல்ல. படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டச் சொல்லுங்க. கால் மேல கால் போட வேண்டாம்.

ஸ்டாக்கிங்ஸை இப்போதைக்கு டப்பாவோட வைங்க. சிலருக்கு சர்ஜனே போடச் சொல்லுவாரு, நல்ல பலனும் இருக்கு, ஆனா அது அவர் சொல்லணும், ஆன்லைன் கடை சொல்லக் கூடாது. புதுக்குழாய் சில பேருக்குத் தோலுக்கு அடியிலயே ஓடும், தொடை வரைக்கும் இறுக்கினா, அதோட விளிம்பு சுருண்டு கயிறு மாதிரி ஆச்சுன்னா, நசுங்கிடும். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால வகுத்து ஏபிஐன்னு ஒரு நம்பர் பாப்பாங்க. 0.9க்கு மேல இருந்தா நல்லது, 0.5க்குக் கீழ இருந்தா இறுக்குற சாக்ஸ் பக்கமே போகக் கூடாது. சுகர் ரொம்ப நாள் இருக்கவங்களுக்குக் குழாயில சுண்ணாம்பு படிஞ்சு அந்த நம்பரே பொய்யா ஏத்திக் காட்டும், அதனால ரத்த ஓட்டத்தைக் காட்டுற டாப்ளர் ஸ்கேனும் சேர்த்துதான் பாப்பாங்க.

ரிவ்யூவுக்குக் காத்திருக்காம ஓட வேண்டியது எப்பன்னா: பாதம் திடீர்னு சில்லுனு ஆகி வெளுத்தா, மரத்துப் போனா, விரலை அசைக்க முடியலேன்னா. கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகி, வீக்கம் ஒரே நாள்ல கிடுகிடுன்னு ஏறி வலிச்சா. தையல் பக்கம் சிவந்து, சீழ் வந்து, காய்ச்சல் அடிச்சா. கவட்டைத் தையல்ல இருந்து தெளிஞ்ச தண்ணியா துணி நனையற அளவுக்கு வடிஞ்சா. மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா நேரா அவசர சிகிச்சைக்கு.

ஒண்ணு கேக்கணும். வலது கால் எப்படி இருக்கு? பிபி மாத்திரை என்ன?

நொய்யல்கரை:

சிஸ்டர், கையெடுத்துக் கும்புடறேனுங்க. டூட்டி டாக்டர் ஒரு வரியில சொன்னதுக்கு அர்த்தம் இப்பத்தான் புரியுது. நீங்க கேட்டதும் போய் வலது காலைப் பாத்தேன், கணுக்கால்ல லேசா குழி விழுது, இத்தன நாளா அதை நாங்க பாக்கவே இல்ல, எல்லார் கண்ணும் இடது கால் மேலயே. பிபிக்கு அம்லோடிபின் 10, ஆஸ்பத்திரியிலதான் 5ல இருந்து 10 ஆக்குனாங்க. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் போட்டுட்டு இருக்காரு.

பழைய_வார்டு_சிஸ்டர்:

நெனச்சேன். அம்லோடிபின் சிலருக்கு ரெண்டு கணுக்காலையும் வீங்க வைக்கும், டோஸ் ஏத்தினா இன்னும் அதிகம். அதை மட்டும் காரணம்னு சொல்லல, கிட்னி, இதயம், ரத்தத்துல அல்புமின்ங்கிற புரதம் குறைவு, இதெல்லாமும் ரெண்டு காலையும் வீங்க வைக்கும், டாக்டர்தான் பாக்கணும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, பிபி எகிறிடும். போன் பண்ணி "வலது காலும் வீங்குது, அம்லோடிபின் 10 போடறார்"னு இந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க, அப்பதான் அவங்க காதுல விழும். ஆஸ்பிரின் க்ளோபிடோக்ரல் ஒரு வேளை கூட விடாதீங்க. பார்லி கஞ்சி ஊத்தினா இந்த வீக்கம் வத்தாது, அதுவும் சுகர்ல கணக்குதான்.

கத்திரிப்பூ:

என் அண்ணனுக்கு இதே மாதிரி இருந்தப்ப வீட்டுல கிடந்த லாசிக்ஸ், அந்த நீர் பிரியற மாத்திரை போட்டாரு, பாத்ரூம் போயிப் போயி வீக்கம் குறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ட்ரை பண்ணலாமே?

பழைய_வார்டு_சிஸ்டர்:

வேண்டாம்மா. இடது கால்ல இருக்கிறது உடம்புல மொத்தமா நீர் கோத்த வீக்கம் இல்ல, வடிகால் அடைச்ச வீக்கம். லாசிக்ஸ் போட்டா உடம்பு பூராவும் வறண்டு, பொட்டாசியம் இறங்கி, தலை சுத்திக் கீழ விழுவாரு. இதயத்துக்கோ கிட்னிக்கோ டாக்டர் எழுதினா அது வேற.

மூலிகைமைந்தன்:

சுகர் காலுக்குச் சூடு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது சிஸ்டர். மாத்திக்கிறேன்.

ஆறுசக்கரம்:

நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன் பேசுறேன். லாரி ஓட்டிட்டு இருந்தேன், 54 வயசு, வலது கால், நாலு வருஷம் ஆச்சு. தம்பி, உங்கப்பாகிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க.

ஐயா, ராத்திரி அந்த எரிச்சல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், காலை வெட்டிப் போட்டுடலாமான்னு தோணும். தொங்கப் போட்டா வர்ற சுகம் இருக்கே, அதுக்காக நான் லாரி கேபின்ல உக்காந்தே ஆறு மாசம் தூங்கினவன். ஆபரேஷன் முடிஞ்சும் எனக்குக் காலை மேல தூக்கவே பயம், அந்த வலி எங்கயோ ஒளிஞ்சு நிக்குற மாதிரி. நம்பி ஒரு நாள் தூக்கி வச்சேன், அரை மணி நேரம் ஆச்சு, வலி வரல. அப்பதான் நம்பினேன். நீங்களும் ஒரு தடவை வாட்சைக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் பாருங்க, வலிச்சா எறக்கிடுங்க, யாரும் உங்களைக் கட்டிப் போடப் போறதில்ல.

இன்னொண்ணு, நான் சிஸ்டர் சொன்ன ஸ்டாக்கிங்ஸ் தப்பைப் பண்ணினவன். கடைக்காரன் அளவு கூட எடுக்காம ஒண்ணைக் குடுத்தான், மேல் விளிம்பு முட்டிக்குக் கீழ சுருண்டு ராத்திரி முழுக்க கயிறு கட்டின மாதிரி கிடந்துருக்கு, காலையில பாதம் நீலமா இருந்துச்சு. நல்லவேளை கழட்டினதும் நிறம் திரும்புச்சு, அப்புறம் சர்ஜன் அளவெடுத்து முட்டி வரைக்கும் மட்டும் ஒண்ணு குடுத்தாரு, காலையில எந்திரிக்கிறதுக்கு முன்னாடி படுக்கையிலயே போட்டு ராத்திரி கழட்டணும்னாரு. அது ஒத்து வந்துச்சு.

வீக்கத்தைக் கண்ணால பாத்தா நாளுக்கு ஒரு மாதிரி தெரியும், வீட்டுல சண்டைதான் வரும். டெய்லர் டேப் எடுங்க, முட்டிச் சில்லுக்குக் கீழ ஒரு சாண் தள்ளி மார்க்கர் பேனாவால ஒரு கோடு போடுங்க, தினம் காலையில எந்திரிச்சதும் அதே கோட்டுல அளந்து எழுதுங்க. ரெண்டு காலையும் அளங்க.

பீடி பத்தி யாரும் பேசல, நான் பேசறேன். என் பக்கத்து பெட்டுல ஒருத்தர் எனக்கு மறுநாள் ஆபரேஷன் ஆனவர், டிஸ்சார்ஜ் ஆகி ஆஸ்பத்திரி வாசல்லயே பத்த வச்சாரு. எட்டு மாசத்துல குழாய் அடைச்சு முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்.

வைகைமணி:

அண்ணே, கடைசிப் பத்தியைப் படிச்சதும் எங்க மாமனாருக்கு அப்படியே ஃபார்வர்ட் பண்ணிட்டேன். அவரு இப்பவும் ஒளிஞ்சு ஒளிஞ்சு.

நொய்யல்கரை:

12 நாள் கழிச்சு வர்றேனுங்க, மன்னிக்கணும், பட்டறைக்கும் வீட்டுக்கும் அலைஞ்சதுல எழுத முடியல.

அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி சிஸ்டர் சொன்ன மாதிரியே ரெண்டையும் சேர்த்துச் சொன்னேன், மறுநாளே வரச் சொல்லிட்டாங்க. டாப்ளர் பாத்தாங்க. புதுக்குழாய்ல ஓட்டம் நல்லா இருக்குது, ரத்தக்கட்டி எங்கயும் இல்ல. ஏபிஐ 0.92. அம்லோடிபினை எடுத்துட்டு வேற மாத்திரை மாத்தி, கிட்னிக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, பரவாயில்லன்னாங்க. ஸ்டாக்கிங்ஸ் இப்ப வேண்டாம், பின்னு எடுத்த இடம் நல்லா ஆறட்டும், அடுத்த மாசம் வீக்கம் இருந்தா நாங்களே அளவெடுத்துத் தர்றோம்னாரு பெரிய டாக்டர். தங்கச்சிகிட்ட ரிட்டர்ன் போடச் சொல்லிட்டேன், அவ ஒரு வாரமா மூஞ்சி குடுத்துப் பேசல.

வைகைமணி அண்ணா சொன்ன செங்கல் வச்சாச்சு. மொத நாள் ராத்திரி "என்னடா என்னை வௌவாலாட்டம் தொங்க விடுற"ன்னு கத்துனாரு. ஆறுசக்கரம் அண்ணன் எழுதுனதை சத்தமாப் படிச்சேன், ஒண்ணும் பேசாம கேட்டுட்டு, "இந்த ஆள் எந்த ஊரு"ன்னு மட்டும் கேட்டாரு. அப்புறம் அவரே வாட்சைக் கழட்டிக் கையில வச்சுட்டுப் படுத்தாரு. அரை மணி நேரம்னு சொன்னது, தூங்கிட்டாரு. டிவியையும் கட்டில்ல படுத்துட்டே தெரியற மாதிரி பீரோ மேல ஏத்திட்டோம், அதுதான் பெரிய வேலை செஞ்சுதுங்க, பிளாஸ்டிக் சேரை மொட்டை மாடிக்கு அனுப்பியாச்சு.

அளவு தேதிக் காலண்டர் தாள்லயே எழுதிட்டு வர்றோம். மொத நாள் இடது 39.5, வலது 35. இன்னிக்குக் காலையில இடது 37, வலது 34. சாயங்காலம் அளந்தா இடது இன்னும் ஒரு சென்டிமீட்டர் கூடத்தான் காட்டுது. ஆனா நேத்து செருப்பு நுழைஞ்சுருச்சு, வாரை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டு. வாசல்ல இருந்து முக்குக் கடை வரைக்கும் நிக்காம நடந்து போயிட்டு வந்தாரு, ஒரு வருசமா அது முடியல.

முக்குக் கடை வரைக்கும் எதுக்குப் போனாருன்னுதான் யோசனையா இருக்குது. சட்டையைத் துவைக்க எடுத்தா பாக்கெட்ல தீப்பெட்டி. கேட்டா சாமி ரூமுக்கு வாங்குனேங்கிறாரு. சாமி ரூம்ல லைட்டர் வச்சிருக்கோமுங்க.

ஆறுசக்கரம்:

என் நம்பரை உங்களுக்குத் தனியா அனுப்பிருக்கேன் தம்பி. ராத்திரி எட்டு மணிக்கு மேல அவர்கிட்டயே போனைக் குடுங்க, நான் பேசறேன்.